மரக்காணம் பஸ்ஸின் பெயர்ப்பலகை

விழுப்புரத்தில் தமிழ் எழுத்துருக்கள் வடிவமைப்பது என் தொழில். திண்டிவனத்தில் தனியார் பேருந்துகள் ஓட்டும் முதலாளி ஒருவர் மின்பலகைக்கு எழுத்து கேட்டார். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியக்கூடாது என்று, ரகரத்துக்கு மட்டும் கீழே சாய்வாக ஒரு வால் வைத்தேன்.

"வாலால எழுத்தே சின்னதாயிடுது மேடம், எடுத்துடுங்க" என்றார்.

"எடுக்க மாட்டேன் சார். பஸ் ஸ்டாண்டுல ஓடவிட்டுப் பாத்துட்டு சொல்லுங்க."

வேலை கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் திண்டிவனம் பேருந்து நிலையத்தில், வாலோடேயே எழுத்து ஓடிய அவர் பஸ்ஸின் முன் அவரோடு நின்றேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊரும்மா போகணும்?" என்று அருகில் போனேன்.

"நீ சொல்லாத கண்ணு. முண்டியம்பாக்கத்துல கண் ஆபரேஷன் பண்ணிக்கினு வர்றேன். இத்தினி நாளா கேட்டு கேட்டுத்தான் பஸ் ஏறினேன். நானே படிக்கிறேன்."

பலகையைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படித்தார்: "ம... ர... க்... கா... ணம்!"

சிரித்துக்கொண்டே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"அப்படியே இருக்கட்டும் மேடம்" என்றார் முதலாளி.

ஜெயித்த சந்தோஷம் அன்றோடு போயிற்று. அந்த அம்மா என்னைத் தடுத்த கணம்தான் மனதில் நிற்கிறது. யாரையும் கேட்காமல் ஒருவர் தன் வழியில் போவதற்காகத்தான் எழுத்து வரைகிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.