மேல கீது

பழைய வண்ணாரப்பேட்டையில், கல்லூரி வாசல் தூங்குமூஞ்சி மரத்தடியில் தொடங்கிய நடை இது. மரம், பூங்கா, மறுபடி மரம் என்று நிழலிலேயே ராயபுரம் கடற்கரை வரை போய்விடலாம் என்று சொல்லித்தான் மனைவியை அழைத்து வந்திருக்கிறேன். இப்போது எங்களுக்கு முன்னால் ஒரு பழைய மதில், பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி. போன் வரைபடத்தில் மட்டும் பச்சைக்கு நடுவில் நிற்கிறோம்.

"இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் நான் ஆட்டோ பிடிச்சிடுவேன்" என்கிறாள்.

மதிலோரம் மாங்காய் விற்கும் பெண்ணிடம் பூங்கா எங்கே என்று கேட்கிறேன்.

"பார்க்கா? மேல கீது சார், போ."

நான் தஞ்சாவூர்க்காரன். மேல வீதி என்றால் எனக்கு மேற்கு வீதி. மேற்கே விறுவிறுவென்று நடந்து, இரும்புப் பட்டறைகளை மட்டும் பார்த்துவிட்டு, வியர்வையோடு திரும்பி வருகிறோம்.

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "மேலன்னா மேல சார்! படி ஏறு. இந்தச் செவுத்து மேலதான் பார்க்கே கீது!"

ஏறுகிறோம். பழைய கோட்டைச் சுவரின் தலையில் வேப்பமரங்கள், புல், பாடத்தை உரக்கச் சொல்லியபடி நடக்கும் கல்லூரிப் பெண்கள். துறைமுகக் காற்று முகத்தில் அடிக்கிறது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடக்கிறாள். ஆட்டோ பேச்சே இல்லை.

ஒரு மாணவியிடம் கடற்கரைக்கு வழி கேட்கிறேன்.

"கீழ போங்க அங்கிள்."

தயங்கி நிற்கிறேன். படியா, கிழக்கா?

"ரெண்டும் ஒண்ணுதான், வாங்க. கடல் கிழக்கதானே இருக்கு!" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்குகிறாள் மனைவி.