பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

அப்பாவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். எழுமலையிலிருந்து மதுரைக்கு நான்தான் காரில் கூட்டிப் போவேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். எந்த டயர் என்று மட்டும் சொல்லாது. ஊமை கண்ட கனவுதான்.

உசிலம்பட்டியில் காற்றுப் பிடிக்கும் கடைக்காரர் நான்கையும் பார்ப்பார். "நாலுலயும் கரெக்டா இருக்குக்கா. சென்சார் கோளாறு, கண்டுக்காதீங்க" என்பார். கிளம்பினால் விளக்கு அப்படியே எரியும். பின்சீட்டில் சாய்ந்திருக்கும் அப்பா ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"இன்னும் எரியுதா தாயி?"

"எரியுதுப்பா."

கடுப்போடுதான் சொல்வேன். ஒருநாள் பொறுக்காமல், நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து விளக்கின்மேல் ஒட்டினேன். பொட்டைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தது. பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

போன மாசியில் சொந்தத்தில் ஒரு சாவு. அதில் ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் காலையில் அப்பாவுக்குக் கால் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. உடனே கிளம்பினோம். செக்கானூரணி தாண்டியதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயரில் ஆணி.

டயர் மாற்ற எனக்குத் தெரியும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இறக்கினேன். கையால் அமுக்கினால் உள்ளே போனது. துளிக் காற்று இல்லை. மற்ற நான்கிலும் இருக்கிற அதே சென்சார் வால்வு அதிலும் இருந்தது. இத்தனை நாளும் விளக்கு சொன்னது இந்த ஐந்தாவதைத்தான். நாங்கள் ஓடுகிற நான்கையே தடவிக்கொண்டிருந்தோம்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். "வந்துக்கிட்டே இருக்கோம்க்கா" என்றார்கள். கை காட்டியும் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு, முன்சீட்டிலிருந்து திரும்பி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்றிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எரியுதா தாயி?"

இல்லை என்றால் நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன். 'அணைஞ்சிருச்சுப்பா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அணைஞ்சிருச்சு என்கிற வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எரியுதுப்பா" என்றேன். "நல்லா எரியுது."