அமெரிக்காவுக்குப் போன மட்டக்குளி பஸ்

கொழும்பில் புறக்கோட்டை நடைபாதையில் மாதா பாடல்கள் என்று அட்டை போட்டிருந்த ஒரு கசெட்டை அம்மாவுக்காக வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் உள்ளே யாரோ ஒருவன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். மாதாவும் இல்லை, பாட்டும் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில எப்ப பாட்டுத் தொடங்கும்?" என்று கேட்டார்.

தொடங்கவே இல்லை. இரண்டு பக்கமும் கிட்டார்தான், அதற்கு ஜாஸ் என்று பெயர் என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் பார் என்று அடுத்த நாள் புறப்பட்டேன். வாசலில் செருப்பைப் போடும்போது, போவதற்கு முன் இன்னொரு தடவை கேட்டுவிடலாமே என்று தோன்றியது. அந்தக் கடைக்காரன் இன்றுவரை தப்பித்துக்கொண்டிருக்கிறான்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். மாதா கோயில் பாடகர் குழுவில் நான் கிட்டார் அடிப்பேன். மூன்று கோர்ட் தெரிந்தால் ஒரு பூசையை முழுதாக ஒப்பேற்றிவிடலாம். கோர்ட் என்றால் வேறொன்றுமில்லை, சில கம்பிகளை ஒன்றாக அழுத்தி மீட்டும்போது எழும் கூட்டுச் சத்தம். கசெட்டுக்காரன் போட்டவை என்னுடைய மூன்றுக்குள் அடங்குவதாக இல்லை. விரலை அங்கே வைத்து, இங்கே வைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பிடித்தேன். சொல்லித்தர ஆள் இல்லாததால் அவற்றுக்குப் பெயரும் நானே வைத்தேன். ஒன்றுக்குப் பெயர் புளிச்சல். இன்னொன்று, மழை வரும் ஆனால் வராது. மற்றொன்றுக்குப் பெரியப்பா என்று பெயர், அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரு சண்டை கிளம்பும்.

இப்படியே பல வருடம் ஓடியது. கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். பகலில் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. மாலையில் பிளாட்டின் சின்ன பல்கனியில் கிட்டார். ஜாஸ் வாசிக்கிறவன் என்று எங்கள் லேனில் என்னை ஒருவரும் சொன்னதில்லை. "அந்தக் கிட்டாரை டியூன் பண்ணிக்கொண்டே இருக்கிற ஆள்" என்றுதான் பெயர்.

கடைசியில் காலி வீதி என்ற பெருந்தெருவுக்குக் கடல் பக்கமாக இருந்த ஒரு சின்ன ஹோட்டலில் இடம் கிடைத்தது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு, மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்து தனியாக வாசிக்க வேண்டும். மனேஜர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர். முதல் நாளே தோளில் கை போட்டு, சிங்களத்தில் தம்பி என்று அழைத்து, எனக்கு வேதம் ஓதினார்.

"மல்லி, கெஸ்ட்ஸுக்குத் தெரிஞ்ச பாட்டு மட்டும் வாசிங்க. சாப்பிடுற ஆளை யோசிக்க வைக்கக்கூடாது."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது? ஆனால் அந்தக் காலத்தில்தான் எனக்குச் சொந்தமாக மெட்டுகள் வரத் தொடங்கியிருந்தன. முதலாவது வந்தது பஸ்ஸில். சனிக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். கண்டக்டர் "மட்டக்குளி, மட்டக்குளி" என்று கத்திக்கொண்டே பஸ்ஸின் தகரத்தில் கையால் அடிப்பார். அந்த அடி எப்படியோ என் தொடைக்கு இறங்கி, தொடையிலிருந்து விரலுக்கு ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது ஒரு மெட்டாக இருந்தது. குலுங்கிக் குலுங்கிப் போகும், புறக்கோட்டை நெரிசலில் கொஞ்சம் முனகும், பிறகு மறுபடியும் ஓடும். பெயரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது மட்டக்குளி பஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த பாட்டு இரண்டுக்கு நடுவில் அதை மெல்லச் செருகிவிட்டேன். யாரும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. மனேஜர் மட்டும் வந்து, அது என்ன பாட்டு என்று கேட்டார். என் வாய் உளறிவிட்டது.

"சிக்காகோ பஸ். பழைய அமெரிக்கன் பாட்டு."

"ஆ, ஓம் ஓம், தெரியும். பேமஸ்தானே" என்றார் மனேஜர்.

கொழும்பில் "தெரியாது" என்று சொல்வது பாவம் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். கதவு திறந்தது திறந்ததுதான். அடுத்தடுத்து என் மெட்டுகளுக்கெல்லாம் விசா எடுத்துக் கொடுத்தேன். ஹெந்தளையில் மாமி வீட்டில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி இருந்தபோது வந்த மெட்டு, டெக்ஸாஸ் மழை ஆனது. வெள்ளவத்தை மார்க்கெட் நியூயோர்க்கில் போய்க் குடியேறியது. நான் விளம்பிய பெயர்களைக் கேட்டு மேசைகளில் இருந்தவர்கள் பழைய சிநேகிதர்களைக் கண்டதுபோலத் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு மட்டும்தான்.

ஏனென்றால், ஒரு மெட்டைச் செய்தவனுக்கு என்ன வேண்டும்? சோறா, புகழா? "இது உன்னுடையதா?" என்று ஒரே ஒருவர் கேட்டால் போதும். எனக்கு அது வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தாங்க முடியாத அளவுக்கு வேண்டியிருந்தது. ஆனால் நான்தானே எல்லாவற்றையும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியவன்? நுணலும் தன் வாயால் கெடும்.

அந்த நாட்களில் ஒரு தம்பதி வருவார்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள், பூசை முடித்து நேரே சாப்பாட்டுக்கு. அங்கிள் ஓய்வு பெற்றவர், எப்போதும் அரைக்கை வெள்ளைச் சேர்ட். அன்ரி கைவிசிறியோடு வருவார், குளிரூட்டிய அறையிலும் விசிறுவார். எனக்குப் பக்கத்து மேசை அவர்களுடையது. அங்கிள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். நான் ஒருவன் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மனேஜர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு என் ஸ்டூலுக்கு வந்தார். முகம் நன்றாக இல்லை.

"மல்லி, நான் தேடிப் பார்த்தேன். சிக்காகோ பஸ் என்று ஒரு பாட்டு எங்கேயும் இல்லை."

உண்மையைச் சொன்னால் அந்த மூலை போய்விடும், பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. அப்போது பக்கத்து மேசையிலிருந்து அங்கிளின் குரல் வந்தது. முதன்முதலாகத் தலையை நிமிர்த்தியிருந்தார்.

"என்ன மனேஜர், சிக்காகோ பஸ் தெரியாதா? எங்கட கல்யாண வீட்டில பாண்ட் வாசிச்சது. நானும் இவவும் ஆடினனாங்கள்."

அன்ரியின் விசிறி நின்றது. அவர் கணவனைப் பார்த்த பார்வையில், கல்யாணத்தன்று இந்த மனிதர் ஆடினாரா இல்லையா என்பது எழுதி ஒட்டியிருந்தது. பிறகு மறுபடியும் விசிறத் தொடங்கினார். மனேஜர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "ஆ, அப்படியா அங்கிள்" என்று பின்வாங்கினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் புடிங் வரும் நேரத்தில் அங்கிள் விரலைத் தூக்குவார். "மகன், சிக்காகோ பஸ்." நானும் வாசிப்பேன். மூலை தப்பியது, உண்மைதான். ஆனால் மனதுக்குள் குமைந்தேன். முன்பு என் மெட்டு வெளிநாட்டுக்காரனுடையதாக மட்டும் இருந்தது. இப்போது அது என்னைவிட வயதில் மூத்தது! இந்தக் கிழவனுக்கு ஞாபகம் பிசகிவிட்டது, அதில் என் மெட்டு மாட்டிக்கொண்டது என்று எரிச்சல்பட்டேன். அந்த மெட்டு அப்போது முடிந்தும் இருக்கவில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு எதையாவது சேர்ப்பேன், எதையாவது கழற்றுவேன்.

ஹோட்டலுக்கு ஒருமுறை சாப்பிட வந்த ஒரு பேஸ் கிட்டார்க்காரனோடு சிநேகிதமானேன். கிராண்ட்பாஸ் பக்கத்து ஆள், முறையாகப் படித்தவன். என் புளிச்சலுக்கு உலகம் முழுவதும் வேறொரு பெயர் இருப்பதை அவன்தான் சொன்னான். பெரியப்பாவைப் பற்றிச் சொன்னபோது தேத்தண்ணி புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தான். ஆனால் சிக்காகோ பஸ் என்னுடையது என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"சும்மா சொல்லாதீங்க மச்சான். ஊரே அது அமெரிக்கன் பாட்டு எண்டு சொல்லுது. அந்த அங்கிள் கல்யாணத்தில ஆடினவராம்."

எனக்கு வந்ததே கோபம்! அந்தக் கோபத்தில்தான் ஒரு காரியம் செய்தேன். வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தைப் பிடித்து, ஒரு சனி மாலைக்கு, என் சொந்த மெட்டுகள் மட்டும் என்று அறிவித்தேன். பேஸ்காரனும் அவனுக்குத் தெரிந்த ஒரு டிரம்ஸ்காரனும் கூட வாசிக்க ஒத்துக்கொண்டார்கள். அறிவிப்புத் தாளில் எல்லாவற்றையும் ஊர்ப் பெயரிலேயே போட்டேன்: மட்டக்குளி பஸ், ஹெந்தளை மழை, வெள்ளவத்தை மார்க்கெட். ஒரு தாளை அங்கிளிடமும் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மண்டபம் பாதி நிரம்பியது. அலுவலக ஆட்கள், மனைவியின் பக்கத்துச் சொந்தக்காரர், ஹோட்டலில் என்னைக் கண்ட சிலர். மூன்றாவது வரிசையில் அங்கிளும் அன்ரியும். பஸ்ஸைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது வந்தபோது மைக்கைப் பிடித்தேன்.

"இதை ஹோட்டலில் சிக்காகோ பஸ் என்று சொல்லித்தான் வாசித்தேன். அது பொய். இது மட்டக்குளி பஸ். நான் செய்தது."

பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். அங்கிளின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. வாசித்தோம். நான் இதுவரை வாசித்ததிலேயே அதுதான் நல்ல வாசிப்பு. முடிவை மட்டும் அந்த மாலைக்கென்று மாற்றியிருந்தேன். முன்பு தணிந்து அடங்கும், இப்போது மேலே மேலே ஏறிப் பட்டென்று நிற்கும். டிரம்ஸ்காரனுக்கும் அடிக்க ஏதாவது வேண்டுமே. கைதட்டல் நன்றாகவே விழுந்தது. ஆனால் கதவுப் பக்கம் போன ஒருவர் மற்றவரிடம், "அமெரிக்கன் பாட்டைத்தான் ஊர்ப் பெயரில விடுறார்" என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

அங்கிள் மேடைக்கு வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"குறை நினைக்காதீங்கோ அங்கிள். உங்கட கல்யாண வீட்டில வாசிச்சது வேற பாட்டாத்தான் இருக்கும்."

"கல்யாண வீடா?" அன்ரி பின்னாலிருந்து சிரித்தார். "இவர் கல்யாணத்தண்டு கதிரையை விட்டு எழும்பவேயில்லை. புதுச் சப்பாத்து கடிச்சதாம்."

"அப்ப ஏன் அங்கிள் அப்பிடிச் சொன்னீங்க?"

"பின்ன? மனேஜர் நிப்பாட்டியிருப்பார்தானே" என்றார் அவர், மிகச் சாதாரணமாக. "பழைய பாட்டு எங்கயாவது கிழமைக்குக் கிழமை வளருமா மகன்? மழைக்காலம் தொடங்கேக்க அதுக்கு நடுப்பகுதியே இல்ல. டிசம்பரில நத்தாருக்குத்தான் வந்தது. நீங்க செஞ்சுகொண்டிருக்கிறீங்க எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

தட்டிலிருந்து தலை நிமிராத மனிதர், ஒரு ஞாயிறு விடாமல் கேட்டிருக்கிறார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"ஆனா அந்த முடிவு சரியில்ல."

"என்ன?"

"முந்தி இருந்ததுதான் நல்லம். இண்டைக்கு வச்சது வாணவேடிக்கை. கேக்கிற சனத்தைப் பயப்பிடுத்துறீங்க."

எனக்குக் கோபம் ஏறியது பாருங்கள்! நன்றி போன இடம் தெரியவில்லை. அது எப்படிச் சரியில்லை, உங்களுக்கு ஜாஸ் தெரியுமா, தணிந்து முடிந்தால் கைதட்டல் வருமா என்று அந்த இடத்திலேயே வாதாடத் தொடங்கினேன். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கைதட்டல் வேணுமெண்டா சர்க்கஸுக்குப் போங்க என்றார். பேஸ்காரன் வயரைச் சுற்றியபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "மச்சான், உண்மையிலயே அது உங்கடதா?" என்று அப்போதுதான் கேட்டான். நான் எவ்வளவோ நாளாக ஏங்கிய கேள்வி அது. பதில் சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை. சண்டை அவ்வளவு முக்கியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கிட்டாரைச் சுவரில் சாய்த்த பிறகுதான் எல்லாம் விளங்கியது. அமெரிக்கனுடைய பாட்டில் குறை இருந்தால் அங்கிள் என்னிடம் ஏன் சொல்லப்போகிறார்? செய்தவனிடம்தானே சொல்ல வேண்டும். தனியே இருந்து அழுதேன். பிறகு, அந்த முடிவைப் பற்றி நினைத்து மறுபடியும் கோபப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு, அதை இன்னும் சிக்காகோ பஸ் என்றே நம்பிய மனேஜருக்கு முன்னால், புடிங் வரும் நேரத்தில் பழைய முடிவையே வாசித்தேன். அங்கிள் குனிந்த தலை நிமிரவில்லை. இடது கையை மட்டும் மேசைக்கு மேல் எடுத்து, இன்னும் மெதுவாக என்று காட்டினார்.