அகன்ஸ்டைன் உச்சியில் ஐந்தாம் சனி

2004. புரட்டாதிக் கடைசிச் சனி. காலை ஐந்தரைக்கு ஸ்டுட்கார்ட்டில் இருந்து வெளிக்கிட்டோம். மூன்று பேர். மார்க்குஸ் கார் ஓட்டினான். கஜன் பின் சீட்டில் படுத்தான். நான் முன்னால். மூன்று பேரும் பெயின்ற் அடிக்கிற வேலையை ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர்கள் பாஸ். நான் கைவேலையில் பாஸ், எழுத்தில் தவறினேன். இன்னும் மாணவன். வயது முப்பத்தொன்று.

மடியில் அக்கா கட்டித் தந்த சோற்றுப் பெட்டி. அதில் சாப்பிட எனக்கு இன்னும் அனுமதி இல்லை.

எனக்கு ஏழரைச் சனி. நவம்பரில் திரும்பவும் பரீட்சை. அதற்காக அக்கா நேர்ந்து வைத்தாள். புரட்டாதிச் சனி ஐந்திலும் நான் விரதம். காகத்துக்குச் சோறு வைத்து, அது தின்ற பிறகு என் சாப்பாடு. ஒரு நேரம் மட்டும். நாலு சனி பல்கனியில் முடிந்தது. பழகின காகம் ஒன்று வரும். கரைச்சல் இல்லை. ஐந்தாவது சனி மலையில் வந்து மாட்டியது.

மறுக்க ஏலவில்லை. கோடை முழுக்க வேலை முடிந்து வந்து எனக்குப் பாடம் சொல்லித் தந்தவன் மார்க்குஸ். அடுத்த மாதம் வேலைக்கு ஹம்பேர்க் போகிறான். அவன் கேட்டது ஒன்றுதான். "என்ரை மலைக்கு ஒருக்கா வா." அவன் பேசியது ஜேர்மன். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

காலை 8.20. கிரேன் என்ற ஊர். ஒஸ்திரியா. ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். எல்லையில் ஒருவரும் மறிக்கவில்லை. ஊர் 1138 மீற்றர் உயரம். அகன்ஸ்டைன் உச்சி 1985. கீழே புல் எல்லாம் வெள்ளையாய்ப் பனி. மேலே வெயில்.

கார் விட்ட இடத்துக்குப் பக்கத்து வயலில் ஆறு காகம் நின்றன. நல்ல கறுப்பு. ஒரு கல்லில் ஒரு பிடி சோறும் பருப்பும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஆறும் பறந்தன. அரை மணித்தியாலம் நின்றோம். ஒன்றும் திரும்பவில்லை.

"ஒஸ்திரியாக் காகத்துக்குச் சோறு தெரியாது அண்ணை," என்றான் கஜன். "பாண் வைச்சுப் பாருங்கோ."

"அக்கா பாண் சொல்லேல்லை."

"காகம் திண்டது எண்டு நினைச்சுக்கொண்டு நீங்கள் சாப்பிடுங்கோ. ஆர் பாக்கினம்?"

"நான் பாக்கிறன்."

மார்க்குஸ் கடிகாரத்தைப் பார்த்தான். சோற்றைக் கல்லிலேயே விட்டு, மிச்சத்தைக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினோம்.

முதல் ஒரு மணித்தியாலம் காடு. பிறகு மரம் குறைந்தது. பிறகு மரமே இல்லை. பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஏணியில் நின்று வேலை செய்த கால் எனக்கு. உயரம் பயம் இல்லை. வயிறுதான். முதல்நாள் இரவு சாப்பிட்டது. பத்தரைக்குக் கண் ஒருமுறை இருட்டியது. சொல்லவில்லை. மார்க்குஸ் கண்டுவிட்டான்.

11.25. உச்சிக்குக் கீழே மலை விடுதி. அன்றிரவு எங்களுக்கு அங்கேதான் படுக்கை, ஆளுக்குப் பதினாறு யூரோ. மார்க்குஸ் பையை இறக்கினான்.

"இதுக்கு மேலை பாறை. கம்பி பிடிச்சு ஏறோணும். வெறும் வயித்தோடை உன்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன். சாப்பிடு. இல்லாட்டி இங்கை இரு."

சாப்பிட்டால் விரதம் போச்சு. இருந்தால் அவன் மலை போச்சு. விடுதிக்காரியிடம் போய்க் கேட்டேன், இங்கே காகம் வருமா என்று. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"காகம் கீழைதான். மேலை உச்சிச் சிலுவையடியிலை வேறை ஒண்டு வரும். கறுப்புத்தான். சரியான கள்ளன்கள். கையிலை இருக்கிறதையும் பறிக்கும்."

ஏதோ பெயர் சொன்னாள். பிடிபடவில்லை. கறுப்பு என்றது போதும்.

மார்க்குசிடம் பேரம் பேசினேன். தேத்தண்ணி சாப்பாடு இல்லை. மூன்று கோப்பை, கோப்பைக்கு நாலு சீனி. ஒன்று 2.20 யூரோ. குடித்து முடித்துக் கையை நீட்டிக் காட்டினேன். நடுக்கம் இல்லை.

"நடுவிலை வா," என்றான். "நான் முன்னுக்கு, அவன் பின்னுக்கு."

"விழுறதெண்டால் முதலே சொல்லுங்கோ அண்ணை," என்றான் கஜன். "நான் விலகோணும்."

கம்பி குளிர்ந்து கிடந்தது. பாறை வழுக்கியது. கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்தேன்.

12.50. உச்சி. பெரிய சிலுவை. ஒரு பக்கம் ஒஸ்திரியா, மறுபக்கம் ஜேர்மனி. ஜேர்மனிப் பக்கம் சமவெளி தட்டையாய்க் கடைசிவரை கிடந்தது. எட்டு ஜேர்மன்காரர் இருந்து பாண் பொதிகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். மார்க்குஸ் கையைத் தூக்கினான்.

"கொஞ்சம் பொறுங்கோ! ஒருத்தரும் பாணை எடுக்காதேங்கோ! இந்தாள் நேத்து இரவு துவக்கம் சாப்பிடேல்லை. முதல் பறவை இவன்ரை சோத்தைத் தின்னோணும்."

ஒரு கிழவர் ஏன் என்று கேட்டார்.

"பரீட்சை," என்றேன்.

கிழவர் தலையாட்டினார். பாணைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள்.

தட்டைக் கல் ஒன்றில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வானம் வெறுமை. கஜன் எழும்பி வாய்க்கு இரண்டு கையையும் வைத்தான்.

"கா! கா! கா!"

நானும் கூப்பிட்டேன். மார்க்குஸ் கூப்பிட்டான். கிழவரின் மனைவி கூப்பிட்டாள். பிறகு எல்லாரும். பதினொரு பேரும் சேர்ந்து ஒரே கா கா. அதில் ஒன்பது ஜேர்மன் வாய்.

ஜேர்மனிப் பக்கப் பள்ளத்தில் இருந்து வந்தன. ஏழு. கறுப்பு. சொண்டு மஞ்சள். கால் சிவப்பு. ஒன்று கல்லில் இறங்கியது. சோற்றைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. பிறகு ஏழும் விழுந்து தின்றன. இன்னொரு பிடியைக் கையில் வைத்து நீட்டினேன். ஒன்று கையிலேயே ஏறி நின்று தின்றது. நகம் குத்தியது. இழுக்கவில்லை.

எட்டுப் பேரும் கை தட்டினார்கள். மார்க்குஸ் என் முதுகில் அடித்தான். நான் பெரிதாய்ச் சிரிக்கிற ஆள் இல்லை. அன்றைக்குச் சிரித்தேன்.

பெட்டியை எனக்காகத் திறந்தேன். சோறு ஆறிக் கல்லாய்க் கிடந்தது. அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. கிழவருக்கு ஒரு எள்ளுருண்டை கொடுத்தேன். அவர் சீஸ் தந்தார்.

ஞாயிறு காலை பத்தரைக்குக் கீழே இறங்கிவிட்டோம். காரடிக் கல்லில் வைத்த சோற்றைக் காணவில்லை.

"ரெண்டு கூட்டம் திண்டிட்டுது," என்றான் கஜன். "ரெண்டு சேர்ட்டிபிக்கட் வரும் அண்ணை."

பின்னேரம் வீட்டில் அக்கா சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை.

"காகம் திண்டதோ?"

"ஓம்."

"என்ன காகம்?"

பொய் சொல்ல ஏலவில்லை. மஞ்சள் சொண்டையும் சிவப்புக் காலையும் சொன்னேன். அக்கா கதிரையில் இருந்தாள்.

"கத்திக் கூப்பிட வந்ததோ?"

"வந்தது."

"எல்லாமாச் சேர்ந்து திண்டதோ?"

"ஏழும்."

"அப்ப காகம்தான்," என்றாள். குசினிக்குள் போனாள்.

நவம்பரில் எழுதினேன். பாஸ். அக்கா சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்தாள். நான் ஹம்பேர்க்குக்கு ரெலிபோன் எடுத்தேன். மார்க்குஸ் ஹலோ சொல்லவில்லை. எடுத்தவுடன் கா கா என்றான்.