புரோக்கரை ஒதுக்கிவிட்டு வாங்கிய வீடு

ஒரு மனிதனை வாயில் ரத்தம் வர அறைந்திருக்கிறேன். திருப்பதியில், பட்டப்பகலில், ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், பத்திரம் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க. அவர் கேட்டது கமிஷன், நான் கொடுத்தது அறை. இப்போது அவர் என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயில் அவன் இவன்தான்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அரக்கோணம் பக்கத்திலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து, திருப்பதியில் வாடகைக்கு இருந்த வருடங்களில் அந்தக் கோபத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. வீடு மாறும்போதெல்லாம் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை அழ வேண்டும். அவன் செய்த வேலை என்ன? பூட்டைத் திறந்தான், லைட்டைப் போட்டான், "காத்தோட்டமா கீது சார்" என்றான். அதற்கு ஒரு மாத வாடகையா! கம்பெனி பஸ்ஸில் நாங்கள் எல்லாரும் புரோக்கர்களைத் திட்டிக்கொண்டேதான் போவோம், வருவோம். திட்டிய அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் கமிஷனைக் கொடுத்தவர்கள். நான் ஒருத்தனாவது கொடுக்காமல் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சவால் விட்டிருந்தேன்.

சொந்தமாக வீடு வாங்கும்போது அதற்கு நேரம் வந்தது. திருச்சானூர் போகும் வழியில், ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், இரண்டு அறையும் ஒரு போர்வெல்லும் சுற்றுச்சுவரும் உள்ள பழைய வீடு. புருஷனை இழந்த ஓர் அம்மா அதில் தனியாக இருந்தார். விற்றுவிட்டுச் சித்தூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட நினைத்தார். அந்த வீட்டைக் காட்டியவர் நகரிக்காரர். பவர்லூம் சத்தத்தில் காது போய்விடும் என்று பயந்து புரோக்கர் வேலைக்கு வந்தவர். பைக்கில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்.

அந்த அம்மா காபி போட உள்ளே போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வூடு நல்லா கீது சார். ஆனா அவசரப்படாதீங்க. வெதுருகுப்பத்துல இந்தம்மாவோட கொழுந்தன் பசங்க ரெண்டு பேரு கீறானுங்க. நான் ஒரு தபா போயி அவனுங்களப் பாத்துப் பேசிட்டு வந்துட்றேன். அப்புறமா அட்வான்ஸ் குடுக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் பத்து நாள் இழுத்தால் தன் ரெண்டு பர்சென்ட் கமிஷனுக்கு வேலை செய்தது போல இருக்கும் என்று கணக்குப் போடுகிறான், என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். "அவனுக்கு நீங்க குடுக்கறதும் வேணாம், நான் குடுக்கறதும் வேணாம். அத நாமளே ஆளுக்குப் பாதியா எடுத்துக்கலாம்மா" என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இரண்டு வாரத்தில் ரிஜிஸ்டர் முடிந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறோம், புரோக்கர் நிற்கிறார். யார் சொன்னார்களோ!

"வூட்ட நான்தான சார் காட்னேன்?"

"காட்டினதுக்கெல்லாம் காசு குடுத்தா நான் பிச்சைதான் எடுக்கணும். போய்யா."

"சரி, அது கெடக்கட்டும். அந்தப் பசங்ககிட்ட யாராவது பேசினீங்களா இல்லையா?"

அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். பசங்களைக் காட்டி என்னைப் பயமுறுத்துகிறாயா என்று கேட்டுக்கொண்டே அறைந்தேன். ஒரு அறையோடு நிற்கவில்லை. சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளி இன்னொன்று வைத்தேன், அதில்தான் உதடு கிழிந்தது. திருப்பி அடிக்க அவர் கையைத் தூக்கவே இல்லை. சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்து, "நீயாவது சொல்லிருக்கலாமே தாயி" என்றார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பஸ்ஸில் இதை நான் நடித்தே காட்டினேன். கை தட்டினார்கள், எவனோ டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மினி லாரியில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு பேரும், அவர்கள் கூட்டி வந்த நான்கு பேரும். கையில் கடப்பாரை, சம்மட்டி, இரும்புக் குழாய். கேட்டைக்கூடத் தட்டவில்லை, நேராகச் சுற்றுச்சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "பயட்டிக்கி ராரா!" என்று பெரியவன் கத்தினான். வெளியே வாடா என்கிறான், என் வீட்டில் இருந்து என்னை! பனியனோடு ஓடினேன். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது முழங்காலில். கீழே விழுந்தவன்மேல் குழாயை ஓங்கியபோது என் மனைவி குறுக்கே வந்து கையை நீட்டிவிட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மனை அவர்கள் தாத்தா சம்பாதித்ததாம், பாகம் பிரியாததாம், பெரியம்மா தனியாக விற்க உரிமை இல்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவோம், அதற்குள் வீட்டைக் காலி செய்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் பதினாறு வருட உழைப்பு அந்த வீட்டில் இருந்தது. அதற்கு மேல் பேங்க் கடன்.

போலீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுத்தர், "மத்யலோ எவருன்னாரு?" என்றார். நடுவில் யார் இருந்தது? யாரும் இல்லை சார், நேராக வாங்கினேன் என்று சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அடிதடிக்குக் கேஸ் எழுதலாம், வீட்டு விவகாரத்துக்குக் கோர்ட்டுக்குப் போ என்றார்.

கையில் கட்டுப் போட்டிருந்த மனைவியையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனேன். அந்த அம்மா ஜன்னல் வழியாகவே பேசினார். "வித்தது வித்ததுதாம்பா. அவனுங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல." ஜன்னல் சாத்திக்கொண்டது. நான் கதவை உதைத்தேன். மருமகன் வந்து என்னைப் படியில் உருட்டிவிட்டான். அடிபட்ட முழங்காலே மறுபடியும் அடிபட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி சொன்னாள்: "அந்த புரோக்கர்கிட்ட போங்க."

"அவன் கால்ல போய் விழச் சொல்றியா?"

"விழுங்க. என் கை ஒடஞ்சது பத்தலையா உங்களுக்கு?"

போனேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, பேசிய ரெண்டு பர்சென்ட்டைக் கவரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "இதுக்கு நீ அப்பிடி என்னய்யா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"வூட்ட காட்றதுக்கு இல்ல சார் கமிஷன். வூட்ட இப்ப போன்லயே பாக்கலாம்" என்றார். "வித்த வூட்டுல எதனா தகராறு வந்தா, அவனுங்கோ மொதல்ல யாரு வாசல்ல வந்து நிப்பானுங்கோ? புரோக்கர் வாசல்ல. ஏண்டா பண்ணிவச்சன்னு அவன் சட்டையத்தான் புடிப்பானுங்கோ. திட்டி, அடிச்சி, கோவம் அடங்கினாத்தான பேச்சு வரும்? அதுக்குத்தான் நடுவுல ஒரு ஆளு. நீங்க என்ன ஒதுக்கிட்டீங்க. அவனுங்க நேரா உங்க வூட்டுக்கு வந்துட்டானுங்கோ."

பஸ் நிறைய ஆட்கள் திட்டிக்கொண்டே ஏன் கொடுத்தார்கள் என்று அந்த டீக்கடை பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர் வந்துவிட்டார். "நீங்க உள்ள இருங்க சார். நான் கூப்ட்டாத்தான் வரணும். தாப்பா போட்டுக்கோங்க" என்றார். இடிந்த சுவர்ப் பக்கம் போய்த் தனியாக நின்றார். மினி லாரி வந்தது. ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவனுக்கு விற்றுக் கொடுத்தது யாரென்று பெரியவன் தெலுங்கில் கேட்டான். நான்தான் என்றார் அவர். நான்தான் பேசி முடித்தேன், உங்களைக் கேட்காமல் முடித்தது என் தப்பு என்றார். பொய்! அவர் கேட்கத்தான் சொன்னார், கேட்காதவன் நான்.

பெரியவன் அவரைக் கன்னத்தில் அடித்தான். சின்னவன் வயிற்றில் உதைத்தான். செங்கல் குவியலில் விழுந்தவரை மற்ற நால்வரும் சூழ்ந்துகொண்டு மிதித்தார்கள். சட்டை கிழிந்து முதுகு தெரிந்தது. அவர் தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். என்னைக் கூப்பிடவே இல்லை.

"போங்க, போய்த் தடுங்க! கொன்னுடப் போறானுங்க அவர!" என்று என் மனைவி கத்தினாள்.

என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. அப்போது நான் சொன்னேன், நிதானமாக, கோபமே இல்லாமல் சொன்னேன்: "காசு வாங்கியிருக்கான் இல்ல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முறியாத இடது கையால் என் கையைத் தட்டிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே போனாள். கட்டுப் போட்ட கையோடு அந்த ஆறு பேருக்கும் நடுவில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. மெல்ல ஒவ்வொருத்தனாக விலகினார்கள். சின்னவன் போர் குழாயில் கை கழுவினான்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம்தான். அடித்தவர்களும் அடி வாங்கியவரும் அதே செங்கல் குவியலில் உட்கார்ந்து பேசினார்கள். கிழிந்த சட்டையோடு அவர் சித்தூருக்குப் போன் போட்டு அந்த அம்மாவையும் பேச்சில் இழுத்தார். அந்த அம்மா கொஞ்சம் பணம் கொடுப்பது, நான் கொஞ்சம் கொடுப்பது, பையன்கள் இருவரும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதித் தருவது என்று முடிந்தது. வீடு எங்களுக்கு நின்றது. நான் கூப்பிடப்பட்டது கடைசியில், சம்மதம் சொல்ல.

லாரி போனபிறகு என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார், மீதியைக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கரெக்டா உள்ளயே இருந்தீங்க சார். நீங்க வந்திருந்தா காரியம் கெட்டுப் போயிருக்கும். உங்கள மாதிரி பார்ட்டி கெடைக்கறது கஷ்டம்" என்றார்.

கிண்டலே இல்லை. மனசாரப் பாராட்டினார். என் மனைவி காலிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி நின்றிருந்தாள்.