பறிமுதல் வண்டிக்குள் மீகே

சைக்கிள் பந்தய நாளில் கென்ட் நகரத் தெருவில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று ஹெர்மினுக்குத் தெரியாதா என்ன? காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆனால் காப்பிக் கடையில் நாலு பேர் கிடைத்ததும் தன் பந்தயப் புறா மீகேயின் பெருமையை அளக்க உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்தபோது வண்டியை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே கூடையில் மீகே.

மீகே அடைகாக்கிறவள். முட்டையை விட்டு வந்த பெட்டை அடித்துப்பிடித்து வீட்டுக்குப் பறக்கும் என்பதால்தான் பயிற்சிக்கு அவளையே தூக்கி வந்திருந்தாள். பகலில் ஆண் புறா உட்காரும். சாயங்காலம் இவள் போய் முறை மாற்றாவிட்டால் அது பாட்டுக்கு எழுந்து போய்விடும், முட்டை குளிர்ந்து கெட்டுவிடும். ஹெர்மினுக்கு அந்த ஒரு கவலைதான்.

வண்டிகளை அடைத்து வைக்கும் இடத்தில் யோரிஸ் என்ற இளைஞன் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“வண்டி ரோலண்டுங்கிறவர் பேர்ல இருக்கும்மா.”

“என் வீட்டுக்காரர்தான். ரைன் ஆத்துல சரக்குப் படகுல இருக்கார். வர அடுத்த வாரம் ஆகும்.”

“அப்ப அவர் வந்தாத்தான். வேற யாரும் உள்ள இருக்கிற சாமானை எடுத்துட்டுப் போக முடியாது.”

“சாமானா? உசிரு தம்பி! உள்ள என் புறா இருக்கு!”

புறா என்று கேட்டதும் அவன் பதறிப்போய்ச் சாவியோடு ஓடிவந்தான். “தண்ணி வேணா வைக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்ல.”

“நான் எதையும் எடுக்கல. இதோ, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். நீ கூடையைத் திற, போதும். அவளே போய்க்குவா.”

“உங்க புறாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“யார் வீட்டுல போய் இறங்குதோ அவங்க புறா. இதைவிட என்னய்யா அத்தாட்சி வேணும்?”

யோரிஸ் தலையைச் சொறிந்தான். பிறகு கூடையைத் திறந்தான்.

மீகே வண்டிக் கூரையில் ஏறி நின்று சாவகாசமாக இறகு கோதினாள்.

“போக மனசில்ல போல,” என்று சிரித்தான்.

“நீ வாயை மூடு. அவளுக்குத் தெரியும்.” சொல்லிவிட்டாளே ஒழிய, ஹெர்மின் மீகேயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மீகே எழும்பினாள். ஒரு வட்டம் போட்டாள். நேராக, வீடு இருக்கும் ஆல்ஸ்ட் பக்கம் திரும்பினாள்.

இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஹெர்மினைவிட யோரிஸ்தான் அவள் போனை அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், கூண்டைப் பார்த்துக்கொள்ளும்படி அவள் போனில் சொல்லி வைத்திருந்த பக்கத்து வீட்டு எட்டியன் அழைத்தான்.

“வந்துட்டா ஹெர்மின்! வந்த வேகத்துல அவ ஜோடியை முட்டித் தள்ளிட்டு முட்டைமேல உக்காந்துட்டா.”

ஹெர்மின் வெட்கப்படாமல் அழுதாள். யோரிஸ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

“உங்க புறாதாம்மா,” என்றான்.