மூட்டைக்கு முட்டி கிடையாது

உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? ஹோம் கேர் வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் "அந்தப் பாபநாசம் வீட்டுல என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். நோயாளியைக் குளிப்பாட்டினால் காதுக்குப் பின்னால் துடைக்கத் தெரியாது. அடுத்த வீட்டுக் கதை மட்டும் வேண்டும். அதுவும் ஒரு பெரிய மனிதர் வேட்டி சட்டையோடு கமோடு நாற்காலியில் மாட்டிக்கொண்ட கதை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கை எவ்வளவு தூரம் காப்பாற்றினேன் என்பது கடைசியில் வரும். பொறுமையாக உட்காருங்கள்.

என் பெயர் தனம். சொந்த ஊர் வலங்கைமான் பக்கம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போய், எழுந்து நடமாட முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை இஸ்திரி போட்டு எழுதுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் கசங்கியபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

1. கடைமடை

கமலா டீச்சர் பாபநாசத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவருக்கு வியாதி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் அதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. டீச்சரம்மாதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"மேட்டூர்ல தண்ணி தெறந்துட்டாங்க தனம். கடைமடைக்கு வந்து சேரல. என் தலதான் மேட்டூரு. காலு கடைமடை."

"அப்ப வாய்க்கால தூர் வாரச் சொல்லலாமே டீச்சரம்மா."

"இந்த வாய்க்கால தூர் வார இன்னும் ஆள் பொறக்கல."

பின்னால் போகாத வியாதி அது. நின்று நின்று முன்னால்தான் போகும். நேற்று முடிந்தது இன்றைக்கும் முடியும், அடுத்த அறுவடைக்குள் முடியாது. நான் சேர்ந்த சமயத்தில் டீச்சரம்மாவால் தானாக எழுந்திருக்க முடியாது. ஆனால் எழுப்பி நிறுத்திவிட்டால் காலில் பாரம் தாங்கி நிற்பார். நிற்கும்போது வாய்விட்டு எண்ணுவார். கணக்கு டீச்சர் அல்லவா? எழுபது வரைக்கும் எண்ணுவார். எழுபதில் "போதும் தனம்" என்பார். அந்த எழுபதை மறந்துவிடாதீர்கள்.

அவருடைய வீட்டுக்காரரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். கூட்டுறவு சங்கத்தில் செக்ரட்டரியாக இருந்தவர். நல்ல மனிதர், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. மனைவியின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவார். குனிந்து, இடுப்பை வளைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்கு. களத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட முட்டியை மடக்கித்தான் தூக்குவார்கள். சார் மூட்டைகளுக்குக் கையெழுத்துப் போட்டவரே தவிர, தூக்கியவர் இல்லை. டீச்சரம்மாவுக்கு இரண்டு தோளும் வலி. சாருக்கு இடுப்பு வலி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் என்னிடம் தைலம் கேட்பார்கள்.

"தூக்கவே வேணாங்க சார். எழுந்திரிக்க வெச்சாப் போதும்" என்பேன்.

"நாப்பது வருஷமா கூட வாழ்றவன் நான். நான் தூக்காம வேற யாரு தூக்குவா?"

அப்படித் தூக்கும்போதுதான் ஒருமுறை இருவரும் பாத்ரூம் வாசலில் விழுந்தார்கள். டீச்சரம்மாவுக்கு நெற்றியில் தையல். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: "இன்னொரு தடவ அம்மா விழுந்தாங்கன்னா, சென்னையில ஹோம்ல சேத்துடுவேன்." டீச்சரம்மா மறுநாள் என்னிடம், "எனக்கு என் வீட்டு ஜன்னல் போதும் தனம். அங்க போனா என்னை எண்ணுறதுக்கு வேற யாராவது இருப்பாங்க" என்றார்.

2. வெள்ளோட்டம்

கண்ணன் சும்மா மிரட்டிவிட்டு இருந்துவிடவில்லை. ஒரு ஸ்டாண்டிங் மெஷின் வாங்கி அனுப்பினார். இந்த மாதிரி மெஷினைத் தொடப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே சக்கரம் வைத்த இரண்டு நீளக் கால். காலை வைக்க ஒரு தட்டு. முட்டிக்கு முன்னால் ஒரு மெத்தை, அதுதான் முட்டி பேட். முதுகைச் சுற்றி ஒரு பெல்ட், அதை மாட்ட மேலே இரண்டு கை. ரிமோட்டில் பட்டனை அமுக்கினால் உட்கார்ந்திருப்பவர் மெதுவாக எழுந்து நிற்பார். எழுந்திருப்பது அவர்தான். மெஷின் ஒத்தாசை செய்யும், அவ்வளவுதான்.

கொண்டுவந்த கம்பெனி ஆள் செய்து காட்டுகிறேன் என்றார். சார் காலண்டரைப் பார்த்து, "இன்னிக்கு அஷ்டமி. அவளை ஏத்த வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் என்னை ஏற்றிக் காட்டினார்கள். எனக்கு அஷ்டமி ஒன்றும் செய்யாது போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நல்ல நேரம் பார்த்துச் சார் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டாமா? நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் வைத்தார். அது உள்ளங்கை அளவுச் சக்கரம். பழம் பாதிச் சக்கரம் உயரம் இருக்கிறது. சார் விடவில்லை. தம் கட்டித் தள்ளினார். இரண்டு பழம் நசுங்கியது. ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடியது. நாலாவது பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. கொண்டை ஊசியால் விதை விதையாக நோண்டி எடுத்தவள் நான்தான்.

அத்தோடு விட்டாரா? டீச்சரம்மாவை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும் என்றார். புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தேரை ஓட்டிப் பார்ப்பது ஊர் வழக்கம். இது வீட்டு வழக்கம். சங்கத்துக் கணக்கு மூளை, எடைக்கு எடை பார்த்தது. "கமலா அம்பது கிலோ. நெல்லு மூட்டையும் அம்பது கிலோ. இத எழுப்பிட்டா அவளையும் எழுப்பிடும்." மூட்டையை நாற்காலியில் உட்கார வைத்து, பெல்ட்டைக் கட்டி, பட்டனை அமுக்கினார். மூட்டை மேலே போகவில்லை. பெல்ட் மட்டும் போனது. மூட்டை முன்னால் சரிந்து, மெஷின் கையில் கிழிபட்டு, கூடம் முழுக்க நெல். தடுமாறிய மெஷினும் குடை சாய்ந்தது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு மங்களம் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

டீச்சரம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னார்: "வெதச்சாச்சு. தனம், தண்ணி பாய்ச்சு."

சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மூட்டையையே தாங்கல. உன்னை எப்படித் தாங்கும்?" என்றார்.

"மூட்டைக்கு முட்டி கிடையாதுங்க. எனக்கு இன்னும் இருக்கு."

அந்த "இன்னும்" எனக்குச் சுருக்கென்றது. சாருக்கு இல்லை. மெஷினை மூலையில் தள்ளி, தூசி படாமல் பழைய ஜமக்காளத்தைப் போர்த்திவிட்டார். மறுநாளிலிருந்து அதன் கைகளில் ஈரத் துண்டு காயப்போட்டார்கள். மழைக்காலத்தில் மிகவும் உபயோகமாக இருந்தது.

3. எழுபது, ஐம்பது, முப்பத்தைந்து

ஐந்து மாதம் போனது. நான் பக்கத்தில் இருந்தால் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, பாதத்தை ஊன்றவைத்து, "முன்னால சாயுங்க டீச்சரம்மா, மூக்கு முட்டிக்கு மேல வரட்டும்" என்று சொல்லி எழுப்புவேன். நான் சமையலறைக்குள் போகும் சமயம் பார்த்துச் சார் அக்குளில் கை வைப்பார். நான் இல்லாதபோது செய்தால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு. டீச்சரம்மா "ஸ்" என்று பல்லைக் கடிப்பது சமையலறை வரைக்கும் கேட்கும்.

நிற்கும்போது எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. எழுபது ஐம்பதானது. தீபாவளி கழித்து முப்பத்தைந்து. முப்பத்தைந்தில் நின்ற அன்று டீச்சரம்மா மூலையில் இருந்த ஜமக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனம், அந்த மெஷின்ல ஏற காலுல கொஞ்சம் பலம் வேணும்ல?"

"ஆமாங்க டீச்சரம்மா."

"எனக்கு இருக்கிறப்ப அவரு விடமாட்டாரு. அவரு விடுறப்ப எனக்கு இருக்காது. நல்ல கணக்கு."

நான் பலமுறை சாரிடம் சொல்லிப் பார்த்தேன். "பாத்துக்கலாம் தனம், அவளுக்கு ரொம்ப முடியாமப் போறப்ப எடுத்துக்கலாம்" என்பார். நிற்க முடியாமல் போன பிறகு நிற்கவைக்கும் மெஷின் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தெரியும். கேட்டால் வேலை இருக்குமா என்றும் தெரியும். கேட்கவில்லை. அது என் தப்பு.

4. சார் அமர்ந்த இடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பத்தரைக்குக் கண்ணன் வீடியோவில் வருவார். அதற்குள் டீச்சரம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று சார் அவசரப்பட்டார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று ஒரு சத்தம். டீச்சரம்மா குரல் இல்லை, சார் குரல்.

ஓடிப்போய்ப் பார்த்தால், டீச்சரம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தார், அடி ஒன்றும் இல்லை. தூக்கி, திரும்பும்போது சாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வேதனையிலும் மனைவியைக் கட்டில் பக்கம் விட்டுவிட்டு, தான் பின்னால் சாய்ந்திருக்கிறார். பின்னால் இருந்தது கமோடு நாற்காலி. இஸ்திரி வேட்டி, சட்டைப் பையில் பேனா, நெற்றியில் விபூதி. ஆள் அசையவில்லை.

"கால் மரத்துப் போச்சாங்க சார்? வெரல ஆட்டுங்க."

ஆட்டினார். டாக்டருக்குப் போன் போட்டேன். கால் அசைகிறது, மரப்பு இல்லை என்றதும், மெதுவாகப் படுக்க வையுங்கள், வந்து பார்க்கிறேன் என்றார். மெதுவாக என்றால் எப்படி? என் கையைக் கொடுத்து எழுப்பப் பார்த்தேன். "வேணாம் வேணாம்" என்று அலறினார்.

டீச்சரம்மா மெதுவாகச் சொன்னார்: "தனம். துண்டையெல்லாம் எடு."

காயப்போட்ட நான்கு துண்டு, ஒரு ஜமக்காளம். எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் மெஷின் கால் நுழையவேண்டுமே என்று எவர்சில்வர் பாத்திரப் பெட்டிகளை வெளியே இழுத்துப் போட்டேன். பாதத்தைத் தட்டில் வைத்து, முட்டி பேடை ஒட்டி, பெல்ட்டை மாட்டினேன். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரிமோட்ட இங்க குடு" என்றார் டீச்சரம்மா. அவர் விரலுக்கு அந்தப் பலம் இருந்தது.

சார் மெல்ல எழும்பினார். பாதியில் ஒருமுறை நிறுத்தி, தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். அதுதான் முறை. டீச்சரம்மா முறை தவறவில்லை.

"என்னங்க, தல சுத்துதா?"

"இல்ல. மேல ஏத்து."

"நாளையிலேர்ந்து நான் இதுலதான் எழுந்திரிப்பேன்."

"அத அப்புறம் பேசிக்கலாம் கமலா."

"பேசிக்கலாம். நான் படுத்துத்தான இருக்கேன். எனக்கென்ன அவசரம்?"

உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சார் என்னைப் பார்த்தார். நான் பிரேக்கைப் பார்த்தேன்.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"இதுலயே எழுந்திரி."

"அக்குள்ல கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"வைக்க மாட்டேன்."

"தனம், நீ சாட்சி." பட்டனை அமுக்கினார். சார் முழுசாக நின்றார். நின்றதும் அவர் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது. "இழுக்கவே இல்லையே" என்றார். அதே நேரம் போன் அடித்தது. டீச்சரம்மா எடுத்துவிட்டார்.

"அப்பா, என்னப்பா மெஷின்ல நிக்கிறீங்க?"

அம்மா விழப் பார்த்தார் என்று ஒரு வார்த்தை வந்தால் சென்னை ஹோம்தான். சார் தொண்டையைச் செருமினார்.

"அம்மாவ ஏத்துறதுக்கு முன்னாடி நான் ஏறிப் பாக்க வேணாமாடா? பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சூப்பர்ப்பா" என்றார் கண்ணன்.

மெஷினைத் தள்ளிக் கட்டிலின் மறுபக்கம் சாரை இறக்கினேன். டாக்டர் வந்து, தசைப்பிடிப்பு, பத்து நாள் படுத்திருக்க வேண்டும் என்றார். படுத்தபடியே சார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தனம், இது வெளிய போகக் கூடாது."

"போகாதுங்க சார்."

5. கண்ணாடி

மறுநாள் டீச்சரம்மாவை ஏற்றினேன். நின்றபடியே வாஷ்பேசின் வரை தள்ளிக்கொண்டு போனேன். நடுவில் நிலைப்படி இருந்தது. சக்கரம் ஏறுவதற்கு அதன் மேல் ஒரு சாய்வுப் பலகை போட்டிருந்தேன். அந்த வீட்டுக் கண்ணாடி நிற்கிறவர்கள் உயரத்துக்கு மாட்டியது. பல மாதம் கழித்து அவர் தன் முகத்தை அதில் பார்த்தார். நான் முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன், அழுவார் என்று.

"தனம், இத்தன மாசமா எனக்கு இப்படித்தான் கோணவகிடு எடுக்கிறியா?"

அழவில்லை. தானே பல் தேய்த்தார். முட்டி பேடும் பெல்ட்டும் பிடித்துக்கொண்டதால் இருநூறு எண்ணினார்.

அந்த மெஷினில் டீச்சரம்மா பதினோரு மாதம் நின்றார். பிறகு காலில் பலம் போய்விட்டது. முழுசாக ஏந்தி எடுக்கிற, தொட்டில் மாதிரித் துணி வைத்த மெஷின் வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே சார் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அஷ்டமியா நவமியா என்று பார்க்கவில்லை. டீச்சரம்மா இன்றைக்கும் அந்த வீட்டில், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். ஆனால் பதினோரு மாதம் பதினாறு மாதமாக இருந்திருக்கும். ஐந்து மாதத்தைத் துண்டு காயப்போட்டே தீர்த்தோம். முற்றிக்கொண்டே போகிற வியாதியில் சாமான் வந்தால் வந்த அன்றே பழக்குங்கள். முடியாமல் போனபின் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும், வேலை போனாலும் பரவாயில்லை என்று வாயைத் திறங்கள். நான் திறக்கவில்லை.

சாருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்றுதானே பார்க்கிறீர்கள்? சார் இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று சாயங்காலம், வாசலிலிருந்து தெருக் குழாய் வரை காப்பாற்றினேன். அங்கே மங்களமும் நாலைந்து பேரும் குடத்தோடு நின்றார்கள்.

"ஏன்க்கா, காலையில சார் கத்துனாரே, என்னவாம்?"

"ஒண்ணுமில்லடி. அன்னிக்கு நெல்லு மூட்டைய ஏத்தி வெள்ளோட்டம் பாத்து தேர் குடை சாஞ்சுதுல்ல? இன்னிக்கு சாரையே ஏத்தி டீச்சரம்மா வடம் பிடிச்சாங்க. தேர் பத்திரமா நிலைக்கு வந்துடுச்சு."